ஏழு நிமிட மேடு

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு நேரக்காரம்மா என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அது அவளுக்கும் தெரியும். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்போது திரும்பி வந்து சேர வேண்டும் என்று எழுதுவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக எழுதுகிறாள். நூற்றுப் பதினான்கு வண்டிகள் அவள் பென்சில் முனைக்குக் கட்டுப்பட்டு ஊரைச் சுற்றுகின்றன. ஆறு நிமிடத்துக்கு மேல் ஒரு வண்டி தாமதமானால் ஓட்டியவருக்கு அவளிடமிருந்து ஒரு மஞ்சள் தாள் போகும். 'தாமதத்துக்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்' என்று அதில் அச்சடித்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவளுக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது. ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தலை சுற்றும், பதினைந்தாவது நிமிடம் வயிற்றைப் புரட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோ ஒரு புதிய வழித்தடத்தின் முதல் ஓட்டத்துக்கு அதிகாரிகளோடு அவளையும் ஏற்றிவிட்டார்கள். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மேலதிகாரியின் பளபளப்பான ஷூவின் மேல் வாந்தி எடுத்துவிட்டாள். அதோடு சரி. அன்றிலிருந்து மழையோ வெயிலோ, ஒன்பது கிலோமீட்டர் சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறாள். ஆக, நூற்றுப் பதினான்கு வண்டிகள் போகும் சாலைகளில் வீட்டிலிருந்து பணிமனை வரையிலான ஒன்பது கிலோமீட்டர் தவிர வேறெதையும் அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எந்தச் சாலையில் எத்தனை வளைவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

டிரைவர்கள் இந்த இடத்தில்தான் அவளை மடக்குவார்கள். மஞ்சள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேசை முன்னால் வந்து நிற்பார்கள்.

"உக்காந்து எழுதுறவங்களுக்கு ரோடு தெரியுமா மேடம்? ஒரு நாள் வந்து ஓட்டிப் பாருங்க."

அவர்களில் மலைவண்டி டிரைவர் இதைச் சொல்லாத மாதம் கிடையாது. நீர்த்தேக்கத்துக்கு அப்பால் மலை முகட்டைத் தாண்டிப் போகும் ஒற்றை வண்டி அவருடையது. மனிதர் நல்லவர், வாய்தான் கொஞ்சம் நீளம். நேரக்காரம்மாவும் லேசுப்பட்டவள் அல்ல. எந்தப் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு கையில் தயாராக வைத்திருப்பவள். இந்த ஒன்றுக்கு மட்டும் குனிந்து பென்சிலைச் சீவுவாள். அவமானமாக இருக்கும். வீட்டுக்குப் போகிற வழியில் அந்த அவமானத்தை எல்லாம் பெடலின் மேல் காட்டுவாள்.

ஐம்பத்தோராவது வயதில் அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டது. அதைப் பிடுங்கிய பல் டாக்டர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அவருக்குப் பல்லைவிட சைக்கிள் மேல்தான் பிரியம். ஊரில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வருடத்துக்கு ஒரு முறை இருநூறு கிலோமீட்டர் வளையம் ஒன்றை நாற்பது ஐம்பது பேர் ஓட்டுவார்கள். கிளம்பிய இடத்துக்கே பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் திரும்பி வர வேண்டும். 'பழைய வளையம் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. புதிய வளையம் ஒன்றுக்கு யோசனைகள் வரவேற்கப்படுகின்றன' என்று ஒரு சீட்டை அவர் மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்தார்.

மரத்துப்போன தாடையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த நேரக்காரம்மாவின் கண்ணில் அது பட்டது. வாயைத் திறந்து பேச முடியவில்லை. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தாள், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். கால்வாய்ச் சாலை, காட்டுக் கணவாய், நீர்த்தேக்கம், பாலம், காற்றாலை முகடு, திரும்ப ஊர். ஒவ்வொன்றுக்கும் இடையே கிலோமீட்டர் எழுதிக் கீழே கூட்டிக் காட்டினாள். கூட்டுத்தொகை சரியாக இருநூறு.

டாக்டர் கையுறையைக் கூடக் கழற்றாமல் அதை வாங்கிப் பார்த்தார். "இதை எப்ப யோசிச்சீங்க?"

நேரக்காரம்மா 'பதினோரு வருஷமா' என்று எழுதிக் காட்டினாள். அது உண்மைதான். வேலை ஓய்ந்த மதியங்களில், வழித்தடங்களின் துண்டுகளை ஒட்டி ஒட்டி அவள் போட்டு வைத்திருந்த வளையம் அது. எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கணவரிடம்கூட அவள் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

"நல்லா இருக்கு. ஆனா சங்கத்துல ஒரு விதி உண்டு," என்றார் டாக்டர். "யார் பாதை போடுறாங்களோ அவங்க முதல்ல தனியா ஓட்டிக் காட்டணும். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ள. ஒரு நிமிஷம் தாண்டினாலும் அந்தப் பாதை குப்பைக்கூடைதான். அப்புறம் அதை யாரும் எடுக்க மாட்டாங்க."

நேரக்காரம்மா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து தாடை உணர்வு திரும்பிய பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத பிறவி. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, அவர் பல்லைத்தானே புடுங்கினார்?"

"கிண்டலா இருக்கா உங்களுக்கு?"

"கிண்டல் இல்ல. இருநூறு கிலோமீட்டர்னா நம்ம ஊரிலேர்ந்து எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் போற தூரம். எங்க அக்கா வீட்டுக்கு ஒரு தடவை போகவே நீ மூணு மாசம் யோசிப்ப."

"அதுக்குக் காரணம் தூரம் இல்லைங்க."

அவர் சிரித்துவிட்டார். மறுநாளே சமையலறை மேசையில் இருந்த சாமான்களை எல்லாம் ஒதுக்கி அவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். அடுத்த எட்டு மாதம் அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை.

திட்டம் போடுவதில் அவளுக்கு இருந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான். தூரம் தெரியும், வளைவு தெரியும், மேடு பள்ளம் தெரியாது. வரைபடத்தில் இருக்கிறதே என்று டாக்டர் சொன்னார். நேரக்காரம்மாவுக்கு வரைபடத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. பாதி தடங்களுக்கு வரைபடமே போன தலைமுறையில் போட்டது. அவளிடம் அதைவிட நல்ல ஆதாரம் இருந்தது. ஒவ்வொரு டிரைவரையும் பிடித்து, "இந்த ஸ்டாப்புக்கும் அந்த ஸ்டாப்புக்கும் நடுவுல எந்த கியர்ல போவீங்க?" என்று கேட்டாள். நான்காவது, ஐந்தாவது என்றால் சமதரை. மூன்றாவது என்றால் லேசான ஏற்றம். இரண்டாவது என்றால் நல்ல மேடு. முதல் கியர் என்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

டிரைவர்கள் லேசில் உண்மையைச் சொல்வார்களா? ஒருவர் எல்லா இடத்திலும் ஐந்தாவது கியர் என்று மார்தட்டினார். இன்னொருவர் வேலைப்பளுவைக் காட்ட எல்லா இடத்திலும் முதல் கியர் என்று மூக்கால் அழுதார். இருபத்தாறு வருடம் இவர்களோடு மாரடித்தவளுக்கு இதைச் சமாளிக்கத் தெரியாதா? ஒரே துண்டுக்கு மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டாள். மூன்று பதிலில் நடுவாக இருந்த கியரை எழுதிக்கொண்டாள். பச்சைப் பென்சிலால் சமதரை, நீலத்தால் ஏற்றம், சிவப்பால் செங்குத்து என்று தீட்டினாள். பாதை மேசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நீண்டது.

நீர்த்தேக்கத்துக்கு அப்பால் உள்ள துண்டுக்கு மட்டும் மூன்று பேர் கிடைக்கவில்லை. அங்கே ஓடுவது மலைவண்டி ஒன்றுதான், அதை ஓட்டுகிறவரும் ஒருவர்தான்.

"பாலத்துலேர்ந்து மேட்டு ஸ்டாப் வரைக்கும் மூணு கிலோமீட்டர். எந்த கியர் அண்ணே?"

"அதுவா? நாலுல போயிடும் மேடம். கடைசியில கொஞ்சம் மூணு."

மனிதர் வாயாடியே தவிர பொய் சொல்கிறவர் அல்ல. நேரக்காரம்மா அந்த மூன்று கிலோமீட்டரைப் பச்சையில் தீட்டிப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கினாள். வழியில் மூன்று இடங்களில் யாரிடமாவது நேரம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் நிலையம், நூற்று நான்கில் நீர்த்தேக்கத்துக் காவல் அறை, நூற்று முப்பத்தொன்றில் பாலத்துக் கடை என்று முடிவு செய்தாள். பாலத்தருகே ஒரு கடை இருப்பது அவளுக்குப் பழைய ஓட்டத் தாள்களிலிருந்து தெரியும்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பணிமனை வாசலில் கிளம்பி, மாலை ஐந்து நாற்பதுக்குத் திரும்புவதாகக் கணக்கு. கெடு ஆறரை. நடுவில் ஐம்பது நிமிடம் கையிருப்பு. எட்டு மாதம் சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கும் பணிமனைக்கும் இடையிலேயே போய்ப் போய் வந்து அறுபது, எண்பது, நூறு என்று ஓட்டிக் காலைப் பழக்கினாள். கணவர் பக்கத்து வீட்டு எடை இயந்திரத்தை இரவல் வாங்கி வந்து, அவள் பையில் போட்ட சாமான்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துப் பாதியை வெளியே எடுத்துப் போட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பணிமனை ஓய்வறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு மஞ்சள் தாள் தொங்கியது. ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் 'நேரக்காரம்மா'. வண்டி என்ற இடத்தில் 'சைக்கிள்'. வந்து சேர வேண்டிய நேரம் 18.30. வந்து சேர்ந்த நேரம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். தாமதத்துக்கான காரணம் என்பதற்கு எதிரே, யாரோ அழகான கையெழுத்தில், 'ரோடு தெரியாது' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்.

அதை அவள் இரண்டு தடவை படித்தாள். இனி வளையம் குப்பைக்கூடைக்குப் போவது மட்டும் பிரச்சினை இல்லை. ஆறு முப்பத்தொன்றுக்கு வந்தாலும், அதன் பிறகு எந்த டிரைவருக்கும் எந்த முகத்தோடு மஞ்சள் தாள் அனுப்புவது? அவள் எழுதிய நேரங்களை அவர்கள் ஏன் மதிக்க வேண்டும்? தாளைக் கிழிக்க ஒரு நிமிடம் கை போனது. அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினாள். சும்மா சொல்லக்கூடாது, அன்று காலை அவளுக்கு இருந்த சந்தோஷத்தை அந்த எடை இயந்திரத்தில் வைத்திருந்தால் அது உடைந்திருக்கும். கால்வாய்ச் சாலையில் தண்ணீரின் மேல் பனிப்புகை நின்றது. அந்தச் சாலையை அவள் இருபத்தாறு வருடமாக '17-ஏ' என்றுதான் அறிவாள். இப்போது பார்த்தால் 17-ஏ வழிநெடுக சூரியகாந்தி. கிழக்கே பார்த்துக்கொண்டு ஒரு வயல் முழுக்க நின்றது. "இதை யாருமே எங்கிட்ட சொல்லலையே," என்று வாய்விட்டே சொன்னாள். சொல்வதற்கு அவள் யாரிடம் கேட்டாள்? கேட்டதெல்லாம் நிமிடமும் கியரும்தான்.

பெட்ரோல் நிலையத்தில் ஏழு முப்பத்தாறு. தாளில் எழுதியிருந்ததும் ஏழு முப்பத்தாறு. காட்டுக் கணவாயில் சிவப்பு தீட்டிய இடம் வந்ததும் செங்குத்து வந்தது, நீலம் தீட்டிய இடத்தில் மூச்சு விட முடிந்தது. மூன்று டிரைவர்களைக் கேட்டது வீண்போகவில்லை. சில்லென்ற மரநிழலில் சிறிய பல்சக்கரத்தில் சங்கிலியை மாற்றிப் போட்டுக்கொண்டு பதினெட்டு கிலோமீட்டர் ஏறினாள். தொடை எரிந்தது. ஆனாலும் காலை ஊன்றவில்லை. கணவாயின் உச்சியில் மரங்கள் விலகி, கீழே நீர்த்தேக்கம் வானத்தை விழுங்கிவிட்டுப் படுத்திருந்தது. நேரக்காரம்மா அங்கே ஒரே ஒரு நிமிடம் நின்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. தான் எழுதியது அத்தனையும் உண்மை என்று முதல் தடவையாக அவளுக்கே நம்பிக்கை வந்தது.

நீர்த்தேக்கத்துக் காவல் அறையில் பதினொன்று ஐம்பதுக்குக் கையெழுத்து வாங்கி, ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பினாள். அதன் பிறகு நீண்ட இறக்கம். பெடலையே தொடாமல் காற்று காதில் இரைய இறங்கினாள். ஒன்றரைக்குப் பாலத்துக் கடை. எல்லாம் நிமிடம் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. டிரைவர்களின் மூஞ்சியை எப்போது பார்ப்போம் என்று இருந்தது அவளுக்கு.

கடையில் டீயும் பேட்டரியும் கயிறும் விற்றார்கள். கடைக்காரி நாற்பது வயது மதிக்கத்தக்கவள். தாளில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டுக்கொண்டே, "எந்தப் பக்கம் போறீங்கக்கா?" என்றாள்.

"மேட்டு ஸ்டாப் வழியா, முகட்டுக்கு."

கடைக்காரி சைக்கிளைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். "இதை வச்சிக்கிட்டா? நாங்க வெறுங்கையோட போகும்போதே நாலு எடத்துல உக்காந்து மூச்சு வாங்கிட்டுத்தான் ஏறுவோம்."

"அது சமதரைதானே?"

"யாரு சொன்னா?"

"பஸ் டிரைவர். நாலாவது கியர்ல போயிடும்னு சொன்னாரே."

கடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பஸ்ஸுக்கு என்னக்கா? இப்ப நீங்க இறங்கி வந்தீங்களே, அதே இறக்கத்துல பறந்து வரும். பாலத்துல நிக்காம அந்த வேகத்துலயே மேல போயிடும். முன்னாடி இங்க ஸ்டாப் இருந்துச்சு. நின்னு கெளம்பினா முதல் கியர்ல முக்கி முனகித்தான் ஏறும். ஆறு வருஷமா நிக்கிறதில்ல. இப்ப நாங்க மேட்டு ஸ்டாப்புக்கு நடந்து போய்த்தான் பஸ் பிடிக்கிறோம். எந்த மகராசியோ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு இந்த ஸ்டாப்பை அடிச்சுட்டாளாம்."

நேரக்காரம்மாவுக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தத் தாள் அவளுக்கு அப்படியே நினைவில் இருந்தது. பாலத்து நிறுத்தம், ஏறுகிறவர்கள் நாளொன்றுக்கு மூன்று பேர். பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். அதுவரை பாலத்திலிருந்து மேட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்த வண்டி மறுநாளிலிருந்து ஏழு நிமிடத்தில் போனது. நிற்பதற்கு ஒரு நிமிடம் என்றால் மீதி நான்கு நிமிடம் எங்கே போனது என்று அவள் அப்போது யோசித்தாள். டிரைவர் இத்தனை நாள் பீடி குடித்துக்கொண்டு நின்றிருப்பார், கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். நான்கு நிமிடமும் மேடு தின்ற நேரம் என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. பிற்பாடு கியரைக் கேட்டபோதும் அதே தவறைத்தான் செய்தாள். வண்டி என்ன வேகத்தில் வந்து அந்த மேட்டைத் தொடுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

பேசாமல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்கு மனசு வரவில்லை.

"அந்த மகராசி நான்தாங்க," என்றாள்.

கடைக்காரியின் சிரிப்பு நின்றது. தாளை ஒரு தடவை பார்த்தாள். ஒன்று நாற்பது என்று நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"அப்ப ஏறிப் பாருங்க," என்றாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கி, "பாட்டில்ல தண்ணி ரொப்பிக்கிட்டுப் போங்கக்கா. மேல கெடைக்காது," என்றாள்.

முந்நூறு மீட்டர் ஓட்டியிருப்பாள். சாலை சுவரைப் போல நிமிர்ந்து நின்றது. இருப்பதிலேயே சிறிய பல்சக்கரத்தில் போட்டும் முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. இறங்கித் தள்ளினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச தூரத்தில் சாலையோரமாக ஒரு பெரிய கல் கிடந்தது. மேல்பக்கம் வழவழவென்று இருந்தது. ஆறு வருடமாக மனிதர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான கல். கடைக்காரி சொன்ன முதல் இடம் இதுதான். நேரக்காரம்மா அதில் உட்காரவில்லை. உட்காரத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. பிடிவாதம் பிடித்த கழுதை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டே தள்ளினாள்.

இரண்டாவது கல்லைத் தாண்டும்போது கீழே இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மலைவண்டி எதிர் மலை இறக்கத்தில் பறந்து வந்து, பாலத்தைத் தடதடவென்று கடந்து, மேட்டில் மோதி ஏறியது. கடைக்காரி சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. அவளைக் கண்டதும் டிரைவரின் வாய் பிளந்தது. நிறுத்த முடியாது, நிறுத்தினால் வேகம் போய்விடும், அது இருவருக்குமே தெரியும். ஹாரனை மட்டும் நீளமாக அடித்துவிட்டுப் போனார். பயணிகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவளை வேடிக்கை பார்த்தார்கள். அந்த நிலையிலும் அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தவறவில்லை. வண்டி சரியான நேரத்தில்தான் போனது.

உச்சியை அடைந்தபோது இரண்டரை. பன்னிரண்டு நிமிடம் என்று பச்சையில் தீட்டிய மேடு ஐம்பது நிமிடத்தைத் தின்றுவிட்டது. கையிருப்பில் மிச்சம் பன்னிரண்டு நிமிடம். போக வேண்டியது அறுபத்தாறு கிலோமீட்டர். கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. மேட்டு நிறுத்தத்தில் காலியாக ஒரு பெஞ்சு கிடந்தது. இங்கேயே உட்கார்ந்துவிட்டால் இன்னும் இரண்டு மணி நேரத்தில் திரும்பி வரும் மலைவண்டியில் ஏறி ஊருக்குப் போய்விடலாம். வாந்தி வரும், வரட்டுமே. 'ரோடு தெரியாது' என்று எழுதியதும் இப்போது நிரூபணம் ஆகிவிட்டது.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல, உருப்படியான கோபம். தெரியாதுதான், இரண்டரை மணி வரைக்கும் தெரியாது. இப்போது தெரியுமே. டிரைவருக்குத் தெரியாதது கூட தெரியுமே. அந்த நாலு கல்லையும் அவர் ஒரு நாளாவது பார்த்திருப்பாரா? காலை ஓங்கித் தரையில் இரண்டு உதை உதைத்துச் பிடிப்பை உதறினாள். ஏறி உட்கார்ந்து மிதித்தாள்.

முகட்டின் மேல் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றன. அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று கண்டதுமே, சமவெளியில் எதிர்க்காற்றுதான் என்று புரிந்துவிட்டது. அதற்கு அவள் தாளில் நிமிடம் ஒதுக்கவில்லை. இறக்கத்தில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் விட்டாள். சமவெளிக்கு வந்ததும் கைப்பிடியின் மேல் குனிந்து படுத்துக்கொண்டாள். இனிமேல் இருநூறு கிலோமீட்டர் என்று நினைப்பதில்லை, நிறுத்தம் நிறுத்தமாகத்தான் என்று முடிவு செய்தாள். அந்தத் தடத்தில் முப்பத்தொரு நிறுத்தங்கள். அவற்றின் பெயர் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு கம்பமாக எண்ணி, பெயரைச் சொல்லி, கடந்து போனாள். பழைய ஆலை. இரட்டைக் கிணறு. பள்ளிக்கூட முனை. பெயராக மட்டும் இருந்த இடங்கள் ஒவ்வொன்றும் மரமும் சுவரும் மனிதருமாக வந்து நின்றன. முழங்கால் கெஞ்சியது. இவள் மசியவில்லை.

ஆறு மணிக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருந்தது. அது அவள் வீட்டைத் தாண்டிப் பணிமனைக்குப் போகும் தினசரிச் சாலை. அங்கே எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டைக் கடக்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பணிமனை வாசலில் முதலில் தெரிந்தது கணவர்தான். அவசரம் அறியாத அந்த மனிதர் நடுச்சாலையில் நின்று இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஷிப்டு முடிந்த டிரைவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான். ஆனால் அவள் தெருமுனை திரும்பியதும் அவர்களில் ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள், உள்ளே நின்ற வண்டிகளில் ஏறி ஹாரனை அடித்தார்கள். ஊரே திரும்பிப் பார்த்திருக்கும். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து உரக்கப் படித்தார்.

"ஆறு இருபத்தேழு."

நேரக்காரம்மா காலை ஊன்றினாள். கணவர் பிடித்துக்கொண்டார். அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்து விசும்பி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். முப்பது பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம் கொஞ்சமும் வரவில்லை. இருபத்தாறு வருடத்தில், தான் எழுதிய தடத்தில் தானே ஓட்டி அந்த வாசலுக்கு அவள் நேரத்தோடு கொண்டு வந்து சேர்த்த முதல் வண்டி அதுதான்.

"மூணு நிமிஷம் மிச்சம் வச்சிருக்கியேம்மா," என்றார் கணவர். "ஒரு டீ குடிச்சிட்டே வந்திருக்கலாம்."

டாக்டர் மூன்று கையெழுத்தையும் சரிபார்த்தார். வளையத்தைச் சங்கம் ஏற்றுக்கொண்டதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார். பாலத்து மேட்டின் கதையைக் கேட்டபோது மட்டும் முகத்தைச் சுளித்தார். "அந்தக் கையெழுத்தை மேட்டுக்கு மேல மாத்திடலாமா மேடம்? நம்ம ஆளுங்க இறக்கத்துல வர்ற வேகத்தோட கொஞ்ச தூரமாவது ஏறிடுவாங்க."

"வேண்டாம் டாக்டர். பாலத்துல நிக்கணும். நின்னுட்டுத்தான் ஏறணும்."

திங்கட்கிழமை விந்தி விந்தி வேலைக்கு வந்தாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக மலைவண்டியின் தாளை எடுத்தாள். பாலத்து நிறுத்தம் என்று மறுபடி எழுதினாள். ஏழு நிமிடத்தை அடித்துவிட்டுப் பன்னிரண்டு போட்டாள். மேலதிகாரியிடம் போய், ஐந்து நிமிடம் எதற்கு என்று அவர் கேட்ட கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்லி, கையெழுத்து வாங்கி வந்தாள்.

புதன்கிழமை மலைவண்டி டிரைவர் அந்தத் தாளோடு வந்து மேசை முன்னால் நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்ன மேடம் இது? நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியைப் பாலத்துல நிறுத்தச் சொல்றீங்க. நின்னா அப்புறம் முதல் கியர்லதான் ஏறணும். வண்டி என்ன முக்கு முக்கும் தெரியுமா? உக்காந்து எழுதுறவங்களுக்கு..."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த மேட்டில் நின்ற உருவம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நேரக்காரம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்கண்ணே. எழுதுறவங்களுக்கு?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். தாளைப் பார்த்தார். "பன்னெண்டு நிமிஷம் போதுமா மேடம்?" என்று கேட்டார்.

"எனக்கு அம்பது ஆச்சு," என்றாள் அவள். "உங்களுக்குப் பன்னெண்டு போதும்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார்.